வைரம் யாருக்கு, சுள்ளி யாருக்கு?

(கோவில்பட்டிக்கு அருகே கம்மாய்க் கரையிலும் ஓடைக் கரையிலும் மாணவர்களோடு மரம் பார்த்து நடந்த ஒரு நாளின் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலேர்ந்து முள்ளுக்குள்ள நடந்து வந்திருக்கீங்க. பாதிப் பேர் காலில் முள் ஏறியிருக்கிறது. முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தங்கச்சி கேட்டது: "அண்ணே, இது எந்த மரத்து முள்ளு?" நான் பதில் சொல்வதற்குள் நம்மோடு வந்த ஆச்சி சொல்லிவிட்டார்: "இது உடை முள்ளு. சீமை முள்ளுன்னா இந்நேரம் கால் வீங்கியிருக்கும்."

கிழிந்து வந்த ஒரு முள்ளைப் பார்த்து மரத்தைச் சொல்கிற அறிவு நம்ம சேரிகளில் இன்னும் இருக்கிறது. அப்படிச் சொல்லத் தெரிந்த அந்த ஆச்சி பெயரில் இந்த ஊர்க் கணக்கில் ஒரு மரம்கூட இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கய்யா மரவெட்டி. கோடாலியைத் திருப்பி அடிமரத்தில் ஒரு தட்டு தட்டுவார். சத்தத்தைக் கேட்டே உள்ளே பொந்து இருக்கா, வைரம் பாய்ஞ்சிருக்கா என்று சொல்லிவிடுவார். பச்சை மரத்தை உடனே அறுக்க விடமாட்டார். கருவேலம் என்றால் கம்மாய்த் தண்ணிக்குள் மாதக்கணக்கில் போட்டுவைக்கச் சொல்வார். தண்ணியில் கிடந்த மரம் உளுக்காது, வெடிக்காது. ஏர்க்காலுக்கு எந்த வாது வளைந்து வருது, வண்டிக் குடத்துக்கு எந்த அடிமரம் தேறும் என்று மரம் நிற்கும்போதே கண்ணால் அளந்துவிடுவார். ஆசாரி வந்து பார்ப்பதற்கு முன்னாலேயே பாதி ஆசாரி வேலை முடிந்துவிடும்.

கூலி என்ன? வைரம் பாய்ந்த அடிமரம் சம்சாரி வீட்டுத் தொழுவுக்குப் போகும். வாதுகள் ஏலம் எடுத்தவருக்கு. எங்களுக்குத் தூரும் சுள்ளியும். தூரைத் தோண்டுவதுதான் இருக்கிற வேலையிலேயே கஷ்டமான வேலை. கரிசல் மண் ஈரத்தில் சேறு, காய்ஞ்சா கல்லு. அதைத் தோண்டி எடுத்துப் பிளந்து விறகாக்கினால் அது எங்களுக்கு.

ஒரு ஐப்பசி மழையில் எங்க குடிசை விட்டம் முறிந்தது. அந்த வாரம் வெட்டிய மரத்தில் கோணலாக இருந்த ஒரு வாதை, யாருக்கும் ஆகாது என்று தள்ளிப் போட்டிருந்ததை, எங்கய்யா விட்டத்துக்கு எடுத்து வந்தார். அன்றைக்கு ராத்திரியே வந்து விட்டத்தை உருவிக்கொண்டு போனார்கள். எங்கய்யாவையும் கொண்டு போனார்கள். விடியும்வரை ஒரு மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பல வருசம் கழித்து நான் அவரிடம் கேட்டேன், எந்த மரம் என்று. உடனே சொன்னார்: "பூவரசு. கம்மாக்கரை மரத்தை எல்லாம் ஏலம் விட்டப்போ, இதை மட்டும் விடுங்க, இளசா இருக்குன்னு நான் சொல்லி நிறுத்தி வச்ச மரம்."

தோழர்களே, இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. உங்க வீட்டிலும் கேட்டுப் பாருங்க.

சரி, மரத்துக்கு வருவோம். கரிசலில் ஏன் மரம் குறைச்சல்? மண்தான் முதல் காரணம். மழையில் ஊதும், வெயிலில் ஆளுயரத்துக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். இளம் வேரை அந்த வெடிப்பே அறுத்துவிடும். அதனால்தான் நடுக்காட்டில் மரம் நிற்காது, பொழியிலும் ஓடைக்கரையிலும் கம்மாயிலும்தான் நிற்கும். பொழி பட்டாக்காரருடையது. ஓடையும் கம்மாயும் புறம்போக்கு. நிலமில்லாதவனுக்கு மரம் என்றால் அது புறம்போக்கு மரம்தான். இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னால் வரும்.

இன்றைக்கு நீங்கள் குழம்பிப்போன நாலு வேல மரங்களை முதலில் பிரிப்போம்.

கருவேலம், நாட்டுக் கருவேல். பட்டை கருத்து நீளவாக்கில் வெடித்திருக்கும். பூ மஞ்சள் உருண்டை, வாசம் உண்டு. காய்தான் அடையாளம்: சாம்பல் பூத்த காய், விதைக்கு விதை இடுக்கிப் பிடித்து, மணி கோர்த்த மாதிரி இருக்கும். வைரம் செம்பழுப்பு. கம்மாய்க்குள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். கலப்பை, வண்டிச் சக்கரம், கோடாலிக் காம்பு எல்லாம் இதில்தான்.

வெள்வேலம். பட்டை வெளுப்பு, மஞ்சள் கலந்த சாம்பல். பூ வெண்மஞ்சள் உருண்டை, வாதின் நுனியில் கொத்துக் கொத்தாகப் பெரிதாக விரியும். காய் தட்டை. இந்தப் பட்டையைத்தான் சாராய ஊறலுக்குப் போட்டார்கள். 'பட்டைச் சாராயம்' என்ற பேரே அதில் வந்தது. பட்டையை உரித்தவன் ஜெயிலுக்குப் போனான், விற்றவன் மாடி கட்டினான் என்பது வேறு கதை.

குடைவேல். நம்ம பக்கம் 'உடை' என்போம். தூரத்தில் இருந்தே தெரியும், விரித்த குடை. வெள்ளையாய் நீளமாய் ஒரு முள், அதே வாதில் கொக்கி மாதிரி குட்டை முள், ரெண்டும் கலந்து இருக்கும். காய் சுருண்டிருக்கும், ஆட்டுக்கு அதுதான் கோடைத் தீவனம். மரம் சின்னது, ஆனால் விறகும் கரியும் தரமானது. கரிசலிலிருந்து கடற்கரை மணல் காடு வரைக்கும் நிற்கிற மரம்.

நாலாவது, சீமைக் கருவேல். நம்ம ஆட்கள் வாயில் 'சீமை உடை'. பூவைப் பாருங்க, உருண்டை இல்லை, கதிர். பூனை வால் மாதிரி தொங்கும். காய் நீளம், பழுத்தால் மஞ்சள், இனிப்பு. ஒரே தூரில் பல தண்டு கிளம்பும். வாது நேராகப் போகாது, கணுவுக்குக் கணு கோணும்.

இதோடு வன்னியைச் சேர்த்துக் குழப்பாதீங்க. வன்னிக்கும் பூ கதிர்தான். ஆனால் மற்ற வேலங்களுக்கு முள் கணுவில் சோடி சோடியாக வரும். வன்னிக்கு முள் கணுவுக்கு நடுவில் அங்கங்கே சிதறி இருக்கும். கோயிலுக்குள் நிற்கிற வன்னிக்குப் பூசை நடக்கிறது. ஓடைக்கரையில் நிற்கிற வன்னிக்குக் கோடாலிதான்.

அப்புறம் மஞ்சணத்தி, உள்ளே மஞ்சளான கட்டை, கனம் குறைச்சல், அதனால் மாட்டுக் கழுத்து வலிக்காமல் நுகத்தடிக்கு ஆகும். வாகை, தட்டையான காய் காற்றில் சலசலக்கும்; வைரம் கரும்பழுப்பு; செக்குக்கு வாகை. உசிலை, இதன் இலைதான் தலைக்குத் தேய்க்கிற அரப்பு. விடத்தலை, கட்டை மெலிசு, ஆனால் இரும்பு மாதிரி. வேம்பு, பறைக்கு வட்டச் சட்டம் வேம்பில் செய்வது. மரம் இல்லை என்றாலும் ஆவாரம் செடியை விடக்கூடாது. அதன் பட்டைதான் தோல் பதனிட்டது. கமலை இறைத்த காலத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றிய தோல் பையைத் தைத்தது அருந்ததியர் கை. எந்தப் பட்டை, எவ்வளவு, எத்தனை நாள் என்பது அந்தக் கையில் இருந்த ரசாயனம். பூமணியின் 'பிறகு' நாவல் 1979இல் வந்தபோதுதான் தோல் தைக்கிற ஒரு கரிசல் மனிதன் தமிழ் நாவலின் நடுவில் வந்து உட்கார்ந்தான். ஆவாரம் பட்டைக்குத் தாவரவியல் பேர் வெள்ளைக்காரன் காலத்திலேயே வைத்தாகிவிட்டது. பட்டையைத் தெரிந்தவனுக்குப் பேர் கிடைக்க அவ்வளவு காலம் ஆனது.

கோயம்புத்தூரில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1902இல் திறந்தது. மரங்களின் குறுக்குவெட்டுத் துண்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வாய்ப்பு கிடைத்தால் அவசியம் பாருங்க, நான் குறை சொல்லவில்லை. கேம்பிள் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி 1881இலேயே இந்திய மரங்களைப் பற்றிப் பெரிய கையேடு போட்டார். அதுவும் உழைப்புதான். ஆனால் ஒன்று யோசிங்க: அந்த மரத்தைக் காட்டில் காட்டிக் கொடுத்தது யார்? வெட்டியது யார்? உள்ளூர்ப் பேர் சொன்னது யார்? அதிகாரி பேர் அருங்காட்சியகத்துக்கே வைத்தாகிவிட்டது. வெட்டியவர் பேர் எந்தத் துண்டிலும் இல்லை.

இந்தக் கோவில்பட்டியிலேயே 1901இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பருத்தியும் சோளமும் ஆராய்ந்தார்கள். ஊருக்குப் பேர் கொடுத்த தீப்பெட்டிக்கோ மென்மரம் வேண்டும். நம்ம வேல மரம் குச்சிக்கு ஆகாது. குச்சி மரம் கேரளத்திலிருந்து லாரியில் வந்தது. குச்சி அடுக்கிய பிஞ்சுக் கை மட்டும்தான் உள்ளூர். ஆக, கரிசல் மரத்தைப் பற்றிய அறிவு ஏட்டுக்கு வெளியே, சேரியிலேயே தங்கிவிட்டது.

பேர் விசயத்தில் இன்னும் ஒரு வேடிக்கை. கருவேலத்துக்கும் குடைவேலுக்கும் தாவரவியலில் 'அகேசியா' என்று பேர் இருந்தது. அந்தப் பேருக்கே மூல மரம் கருவேலம்தான். 2005இல் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் மாநாடு அந்தப் பேரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்தது. 2011இல் மெல்போர்னில் அதை உறுதி செய்தார்கள். கருவேலத்துக்கு இப்போது 'வசெல்லியா' என்று பேர். யாரிடம் எண்ணிக்கையும் ஏடும் இருக்கிறதோ அவர்கள் பக்கம் பேர் போகும். 2022இல் இன்னொன்று நடந்தது. அதுவரை வன்னியையும் சீமைக் கருவேலையும் 'புரோசோபிஸ்' என்று ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். ஆராய்ந்து பார்த்து ரெண்டும் வேறு என்று பிரித்து, சீமைக் கருவேலுக்கு 'நெல்டுமா' என்று பேர் மாற்றினார்கள். நம்ம ஆச்சிமார் எந்தக் காலத்தில் அதை வன்னி என்றார்கள்? சீமை என்றுதானே தனியாக ஒதுக்கி வைத்தார்கள்!

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நாட்டு மரம், நாட்டு மரம் என்று இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. நாமும் அதைத்தான் தேடி நடந்தோம். ஆனால் பிறப்பை வைத்துத் தரம் பிரிக்கிற புத்தியை மரத்தின் மேலும் ஏற்றிவிடக் கூடாது. அந்தப் புத்தியில் அடிபட்டவர்கள் நாம். புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றுப் புளியமரத்தை யாராவது வந்தேறி மரம் என்று சொன்னார்களா? கருவேலத்தின் தாவரவியல் பேரிலேயே நைல் நதி இருக்கிறது. நமக்கு மரம் எங்கே பிறந்தது என்பது கேள்வியில்லை. மரம் இங்கே என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைச் சீமைக் கருவேலிடம் கேட்போம். 1877 வாக்கில் அன்றைய சென்னை மாகாணத்தின் வனத்துறை இதைக் கடப்பைப் பக்கம் கொண்டுவந்து விதைத்தது, விறகுக்காக. பிறகு அரசாங்கமே வறண்ட மாவட்டங்களுக்குப் பரப்பியது. ஆடும் மாடும் இனிப்புக் காயைத் தின்று சாணியில் விதையைப் போட, கம்மாயும் தரிசும் அடைத்துப்போனது. அது அடைத்த இடத்தில் உடையும் வெள்வேலும் தலையெடுக்க முடியவில்லை. புல் இல்லை. கம்மாய் தூர்ந்தது. இதெல்லாம் உண்மை.

இதுவும் உண்மை: நிலமில்லாத, மழையில்லாத வருசங்களில் நம்ம ஜனங்களுக்கு அடுப்பெரித்ததும் கூலி கொடுத்ததும் அந்த மரம்தான். கரிமூட்டம் போட்டவர்களைக் கேளுங்க. பச்சைக் கட்டையைக் கோபுரமாக அடுக்கி, தழை மூடி, மண் பூசி, தீ வைத்து, நாள் கணக்கில் ராப்பகலாகக் காவல் இருக்க வேண்டும். புகை வெள்ளையாக இருந்தால் ஈரம் போகிறது, நீலமாக மாறினால் கரி வெந்துவிட்டது. மண் விரிந்து காற்று உள்ளே போனால் அத்தனையும் சாம்பல். கண் எரியும், நெஞ்சு அடைக்கும். அந்தக் கரி வெளியூர்ச் சந்தைக்குப் போகும். லாபமும் அங்கேயே நின்றுவிடும்.

2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்ற உத்தரவிட்டது. ஊரெல்லாம் ஜேசிபி ஓடியது. அதே வருசம் ஏப்ரலில் சென்னையில் முதல் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. 2022இல் தமிழக அரசு அயல் படர்மரங்களை அகற்றிப் பழைய காட்டை மீட்பதற்குக் கொள்கை வெளியிட்டது. அகற்றட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் மூன்று கேள்வி கேட்கப்படாமலே போகிறது. வெட்டின மரத்தின் பணம் யாருக்கு? விறகை நம்பியிருந்த குடும்பத்துக்கு மாற்று என்ன? காலியான இடத்தில் எந்த மரம், யார் பேரில்? வெட்டிவிட்டுச் சும்மா போட்டால் ஒரு தூருக்குப் பத்து தண்டாகத் தழைக்கும், வேரோடு தோண்டணும். தூர் தோண்டுவது யார் வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு முன்னால் ஒரு தடவை நாட்டு மரமே நட்டார்கள். 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. கம்மாய்களில் கருவேலம் போட்டார்கள். நட்டது நம்ம பெண்கள், கூலிக்கு. மரம் முற்றியதும் ஏலம். ஏலத்தில் நிற்பதற்குக் கட்டுப்பணம் யாரிடம் இருந்தது? 'சமூகக் காடு' என்ற பேரில் எந்தச் சமூகம் இருந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிக்கு ஏன் இவ்வளவு ரத்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் முருகேசனையும் உடன் வந்த தோழர்களையும் ஏன் வெட்டினார்கள்? அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் கையெழுத்தில்தான் கம்மாய் மீனும் கரைமரமும் ஊர்ப் பொதுச் சொத்தும் ஏலம் போகும். சேரிக்காரன் அந்தக் கணக்கைப் பார்ப்பதையே அவர்களால் தாங்க முடியவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 2006ஆம் வருசக் காட்டுரிமைச் சட்டத்தை நம்பி நாம் இங்கே அதிக தூரம் போக முடியாது. அது காட்டு நிலத்துக்கானது. பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, 75 வருசம், காட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். நம்ம மரம் வருவாய்த் துறைப் புறம்போக்கில் நிற்கிறது. அங்கே பார்க்க வேண்டியது கிராமக் கணக்கில் உள்ள '2சி' பட்டா, அதாவது மரப்பட்டா. புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க ஒருவருக்குக் கொடுக்கிற உரிமை அது. நிலம் உங்களுக்கு வராது, பலன் வரும். உங்கள் ஊரில் 2சி யார் யார் பேரில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்க. 1980இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தார்கள். அவர்கள் எழுதிவைத்த பேர்கள் எத்தனை ஊரில் அப்படியே நகல் எடுக்கப்பட்டு வருகின்றன என்பதைப் பார்த்தால் தெரியும்.

ஆகவே, படிக்கிற பிள்ளைகள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இது.

முதலாவது, மரத்துண்டு சேகரிப்பு. ஒவ்வொரு மரத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. நிற்கிற மரத்தை வெட்டக் கூடாது. காற்றில் முறிந்ததும் பட்டதும் போதும். ஒரு பக்கம் பட்டையை விடுங்க, ஒரு பக்கம் இழைத்து வைரமும் வெள்ளைச் சதையும் தெரிகிற மாதிரி வையுங்க. நிழலில் காயட்டும். கூடவே ஒரு முள், ஒரு காய், விதை. வனத்துறைக் காட்டுக்குள்ளிருந்து எதையும் எடுக்காதீங்க. குருமலைப் பக்கம் விறகுக்குப் போன பெண்கள் மேல் போட்ட வழக்கே போதும்.

ரெண்டாவது, துண்டின் பின்பக்கம் மூன்று பேர் எழுதணும்: தாவரவியல் பேர், நம்ம தெருவில் சொல்கிற பேர், சொன்னவர் பேர். அவர் சம்மதித்தால் மட்டும். மூன்றாவதை விட்டால் நாமும் வெள்ளைக்கார அதிகாரி செய்ததையே செய்கிறோம்.

மூன்றாவது, ஊர் மரக் கணக்கு. எந்தச் சர்வே எண், எந்த மரம், எத்தனை. கம்மாய் யாருடையது என்றும் குறிங்க. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் என்றால் முன்பு பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். பிறகு 2005ஆம் வருசத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, மரப்பட்டா விவரத்தையும் ஏலக் கணக்கையும் வாங்குங்க. நம்ம கணக்கையும் அவர்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் எத்தனை மரம் காணாமல் போயிருக்கிறது என்று தெரியும்.

நாலாவது, சீமைக் கருவேல் அகற்றுகிற ஊரில் கிராம சபையில் எழுந்து நின்று அந்த மூன்று கேள்வியைத் தீர்மானமாகக் கொண்டுவரணும். வெட்டும் வேலையும் விறகும் நிலமற்ற தலித் குடும்பங்களின் குழுவுக்கு, முக்கியமாகப் பெண்களின் குழுவுக்கு. மறுபடி நடுகிற உடை, கருவேல், வன்னிக்கு மரப்பட்டா அவர்கள் பேரில். தோற்கலாம். தீர்மானம் போட மறுத்தார்கள் என்பதாவது பதிவாகும்.

எங்கய்யா இப்போது இல்லை. அந்தப் பூவரசு இன்னும் கம்மாய்க் கரையில் நிற்கிறது. போன வருசம் மனு போட்டுப் பார்த்தேன். அந்தச் சர்வே எண்ணில் மரமே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. நாளைக் காலையில் உங்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். மரக் கணக்கின் முதல் வரியை அதில் தொடங்குவோம். ஆறு மணிக்கு வந்துவிடுங்க; வெயில் ஏறினால் கரிசலில் நடக்க முடியாது.